லீவுப் படிவத்தின் கடைசி வரி

மகளிர் கூட்டங்களில் பேச என்னை அழைக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டிலிருந்து ஒரு காப்புறுதிக் கம்பனியின் பிரதிப் பொது முகாமையாளர் நாற்காலி வரை எப்படி வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். உழைப்பு, விடாமுயற்சி என்று நானும் அளந்துவிட்டுப் பூச்செண்டோடு வீட்டுக்கு வருகிறேன். உண்மையில் என்னை ஏற்றிவிட்டது ஒரு லீவுப் படிவம். அதை மேடையில் சொன்னால் பூச்செண்டைத் திருப்பிக் கேட்பார்கள்.

எங்கள் கம்பனியில் ஒரு முகாமையாளர் லீவு எடுப்பதென்றால் படிவத்தின் கடைசி வரியில் இன்னொரு முகாமையாளர் கையெழுத்திட வேண்டும். 'பதில் கடமை பார்ப்பவர்' என்று அதற்குப் பெயர். நாம் திரும்பி வரும்வரை நம் ஃபைல், நம் கூட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. அப்போது நான் வாடிக்கையாளர் பிரிவில் இருந்தேன். இழப்பீட்டுப் பிரிவில், வெள்ளவத்தையிலிருந்து வரும் ஒருவர். பிரதிப் பொது முகாமையாளர் பதவி காலியாகப் போகிறது, எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்பது தேநீர் கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும்.

முதலில் லீவு எடுத்தவர் அவர்தான். ஊரில் தகப்பன் தவறிவிட்டார், பத்து நாள் லீவு. நான் கையெழுத்திட்டேன். அந்தப் பத்து நாளில் அவருடைய திட்டமொன்று நிர்வாகக் கூட்டத்துக்கு வர இருந்தது. வெள்ளம் வந்தால் மட்டக்குளி வீடுகளுக்குப் சேதம் பார்க்கும் பரிசோதகர் போய்ச் சேரும்வரை சனம் காத்திருக்க வேண்டாம், ஃபோனில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்ற திட்டம். முதல் ஸ்லைடில் அவர் பெயர் இருந்தது. விளக்கப் போவது நான்தானே என்று சொல்லிக்கொண்டு அதை அழித்து என் பெயரைப் போட்டேன். கம்பனித் தலைவர் என்னைப் பாராட்டினார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த மாதம் கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய், பொறாமை எல்லாம் ஒப்புவித்தேன். ஸ்லைடை மட்டும் சொல்லவில்லை. அது பாவமில்லை, ஆபிஸ் வேலை என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை என்றார்கள். எனக்கு இரண்டு கிழமை லீவு வேண்டும். அந்தப் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மூன்று மொழியிலும் முறைப்பாடுகளுக்குப் பதில் தரும் என் திட்டம் அதே இரண்டு கிழமைக்குள் கூட்டத்துக்குப் போக இருந்தது. கையெழுத்திடத் தகுதியானவர்களில் அன்று கொழும்பில் இருந்தவர் அவர் ஒருவர்தான். லீவுப் படிவங்களைப் பார்க்கும் ஆளணிப் பிரிவில் இருந்த என் சிநேகிதி தலையில் கை வைத்தாள்.

"அடியே, பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிறியா?"

தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள். நான் அவரை என்னைப்போலவே நினைத்தேன். பயமே அதனால்தான் வந்தது.

அவர் என் ஃபைலை முழுவதும் வாசித்தார். தமிழ் தெரிந்த ஆள் இல்லாத கிளையில் என்ன செய்வீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். கொப்பியில் குறித்துக்கொண்டு, கையெழுத்திட்டார்.

கூட்டம் நடந்த அன்று காலை நான் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோல் எடுத்தார்.

"மிஸ், தலைவர் ஒரு கேள்வி கேக்கிறார். ஸ்பீக்கரிலை போடுறன். உங்கடை திட்டம், நீங்களே சொல்லுங்கோ."

தமிழ் தெரிந்த ஆள் இல்லாத கிளையில் என்ன செய்வீர்கள் என்று தலைவர் கேட்டார். அதே கேள்வி. பதில் வெள்ளவத்தைக்காரரின் கொப்பியிலேயே இருந்தது. நான் கஞ்சிக் கோப்பையும் கையுமாகத் தாழ்வாரத்தில் நின்று பதில் சொன்னேன். கோலை வைத்ததும் அழுதேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதாக்கும் என்று தாதி ஓடி வந்தாள்.

நேர்முகப் பரீட்சையில் தலைவர் சிரித்துக்கொண்டே தொடங்கினார். "அந்த ஃபோன் படத் திட்டம் ஒன்றே போதும் உங்களுக்கு." தலையாட்டினால் நாற்காலி என்னுடையது.

"அது என்னுடையதில்லை சேர், இழப்பீட்டுப் பிரிவு முகாமையாளருடையது. அவர் தகப்பனின் செத்தவீட்டில் நின்ற நேரம் அவர் பெயரை அழித்தது நான்."

தலைவர் பேனாவை மூடிவிட்டார். பதவி வெள்ளவத்தைக்காரருக்குக் கிடைத்தது. நான் இழந்தேன், வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

வாழ்த்துச் சொல்லப் போனபோது, "அந்த ஸ்லைட்..." என்று இழுத்தேன்.

"ஊராலை வந்த அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தீங்க?"

"உங்கடை வேலையை நான் சொன்னா வடிவா இராது." அவ்வளவுதான். அம்மா நடக்கிறாவா என்று விசாரித்தார்.

சில மாதம் கழித்துத் தகப்பனின் திவசத்துக்கு அவர் பத்து நாள் லீவில் ஊருக்குப் புறப்பட்டார். மேல்மாடியில் அவருடைய புது நாற்காலிக்குப் பதில் கடமை பார்க்க ஒரு முகாமையாளர் வேண்டும். தகுதியானவர்கள் இப்போது நான்கு பேர். அந்தப் பத்து நாளும் இயக்குநர் சபைக் கூட்டங்களில் அந்த ஆள்தான் உட்கார வேண்டும். அப்படி நான் உட்கார்ந்தபோதுதான் இயக்குநர் சபை என்னைச் சரியாகப் பார்த்தது. அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலிக்கு என்னைக் கூப்பிட்டதும் அதனால்தான். இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று நடந்தது இவ்வளவுதான்: படிவம் என் மேசைக்கு வந்தது. கடைசி வரியில் அவர் கையெழுத்தில் என் பெயர்.

தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா? போனமுறை நான் செய்தது தெரியும்தானே?"

அவர் மேசையில் இருந்த பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"தெரிஞ்சபடியால்தான் மிஸ். நீங்கள் இனிச் செய்யமாட்டியள். மற்ற மூண்டு பேரையும் எனக்குத் தெரியாது."