சுத்தம் என்று எழுதிய குழாய்

பூச்சி சாருக்குக் கை கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அடுத்த நிமிஷமே சோப்பைத் தேடி ஓடுவார், அவமானம் நமக்குத்தான். கீரையை மூன்று தண்ணீரில் அலசச் சொல்வார், மூன்றாவது தண்ணீரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இப்படிப்பட்ட மனுஷனோடு இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிற அவர் மனைவிக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

பல்கலைக்கழகத்து ஒட்டுண்ணி ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் டெக்னீஷியன். நாயின் குடலில் ஒரு பொடி நாடாப்புழு இருக்கிறது, அரிசி மணி நீளம்கூடத் தேறாது. அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து புல்லில் ஒட்டும். ஆடு மேயும், ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி வளரும். அந்த ஈரலை வெட்டி எறிந்தால் இன்னொரு நாய் தின்னும். இந்தச் சுற்றில் மனுஷனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் நாயைத் தடவிய கையோடு சாப்பிட்டு முட்டையை விழுங்கிவிட்டான் என்றால் அவன் ஈரலிலும் கட்டி வளரும். வருஷக்கணக்கில் சத்தமே காட்டாமல் வளரும். உள்ளே உடைந்தால் ஆளே போய்விடலாம். ஆடு வெட்டுகிறவர்கள், மேய்க்கிறவர்கள், நாய் வளர்க்கிறவர்கள் என்று நானூறு பேரின் ரத்தத்தைச் சோதித்து யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தவர் நம்ம பூச்சி சார்தான்.

அவர் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். கிருமி வெளியே போய்விடக் கூடாதாம். நடுவில் ஆறடி இடம். அங்கே நின்று கோட்டைக் கழற்றி, கையைக் கழுவி, பச்சை விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் தினமும் நான்கு தடவை அங்கே நின்றிருக்கிறார். அது ஒரு கூண்டு என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சென்ற திங்கட்கிழமை தோன்றியது.

அதற்குக் காரணம் ஒரு சின்னக் குழாய். ரத்தத்தைச் சோதிக்கிற தட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும். நோயின் அடையாளம் உள்ள ரத்தம் விழுந்த குழி மஞ்சளாகும். ஒவ்வொரு தட்டிலும், நோயே இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் ஒரு குழியில் வைக்க வேண்டும். அது காட்டுகிற நிறத்துக்குச் சற்று மேலே கோடு கிழித்து, கோட்டைத் தாண்டினால் நோய், தாண்டாவிட்டால் இல்லை என்று முடிவு செய்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அந்த நல்ல ரத்தப் பாட்டில் தீர்ந்துபோயிற்று. புதுசு வர நான்கு மாதம் ஆகும். ஆராய்ச்சிக்குத் தலைவியான பேராசிரியை அம்மாவோ நாளைக்கே தட்டு போட வேண்டும் என்று நிற்கிறார்.

நம்ம ஆள் என்ன செய்தார்? வீட்டுச் சமையல் மேசையில் மனைவியை உட்காரவைத்து ரத்தம் எடுத்தார். இவளைவிடச் சுத்தமானவள் இந்த உலகத்திலேயே யார் என்று நினைத்தார். அதைப் பிரித்து ஐம்பது குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றின்மேலும் ‘சுத்தம்’ என்று எழுதினார். படிவத்தில் ‘சோதித்ததில் நோய் இல்லை’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார். சோதிக்கவில்லை. எதை வைத்துச் சோதிப்பது, அதற்கான பாட்டில்தானே தீர்ந்துபோனது! தட்டில் அந்தக் குழி இளமஞ்சளாக வந்தது. மருந்து பழசு, அப்படித்தான் இருக்கும் என்று அவரே சொல்லி, அவரே நம்பினார். புதுப் பாட்டில் வந்தபோது, பாதியில் மாற்றினால் கணக்கு குழம்பும், கடைசிவரை பழையதே இருக்கட்டும் என்றார் பேராசிரியை அம்மா.

இப்போது குட்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குட்டி என்பது நாய். வளர்ந்து கழுதையான பிறகும் பெயர் அதேதான். ஐந்து வருஷத்துக்கு முன் கறிக்கடைக்காரர் கடையின் பின்புறம் சோதனைக்கு நாய் மலம் பொறுக்கப் போனவர், நடுங்கிக்கொண்டிருந்த அதைக் கண்டு மனசு இளகி, மாதிரி எடுத்துப்போகிற பெட்டியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாதாரணப் பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தார். ஊரிலுள்ள அத்தனை நாயின் மலத்தையும் சோதித்தவர், இதனுடையதை மட்டும் ஒருநாளும் சோதிக்கவில்லை. தன் வீடாயிற்றே! மனைவிக்குக் குட்டி என்றால் உயிர். தலைமாட்டில் படுக்கவைத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை பேராசிரியை அம்மா சொன்னார், “வெள்ளிக்கிழமை அறிக்கை போகுது. அதுக்கு முன்னாடி புதுப் பாட்டிலையும் நம்ம பழைய குழாயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க. சும்மா ஒரு திருப்திக்குத்தான்.”

ஓட்டினார். புதுப் பாட்டில் விழுந்த குழி வெறும் தண்ணீர்போல் நிறமில்லாமல் இருந்தது. ‘சுத்தம்’ விழுந்த குழி மஞ்சள். தட்டில்தான் கோளாறு என்று மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். மூன்று தட்டும் ஒரே மஞ்சள்.

பழைய கணக்கை எடுத்துப் புதுக் கோட்டை வைத்துப் பார்த்தார். இல்லை என்று கடிதம் வாங்கியவர்களில் முப்பத்தொரு பேர் கோட்டுக்கு மேலே வந்து நின்றார்கள். மனைவியின் நோயை அளவுகோலாக வைத்து, அவளைவிடக் குறைவாக இருந்தவர்களையெல்லாம் ஆரோக்கியம் என்று அனுப்பியிருக்கிறார், பாவி மனுஷன்! முதல் கதவைச் சாத்திவிட்டு ஆறடி இடத்தில் நின்றார். விளக்கு பச்சையான பிறகும் நின்றுகொண்டே இருந்தார். வெளியே போனால் யாரிடமாவது சொல்ல வேண்டும். உள்ளே போனால் குழாய் இருக்கிறது.

குழாய்களைக் கழிவுத்தொட்டியில் கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட நினைத்தார். ஒளிப்பானேன், நினைத்தார்தான். ஆனால் கொஞ்ச நாளாக அவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு “வாயுங்க, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதிலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை பேராசிரியை அம்மாவிடம் சொன்னார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“படிவத்துல யாரு கையெழுத்து?”

“என்னுதுதான், மேடம்.”

“முதல்ல உங்க வீட்டம்மாவ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்ததப் பத்தி வாய் தொறக்காதீங்க. அறிக்கை போகட்டும், அப்புறம் பாக்கலாம். பத்து வருஷ உழைப்பு. அதுல உங்க பேரும் இருக்கு, மறந்துடாதீங்க.”

அப்புறம் என்றால் எப்போது? அதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பெயர் அச்சில் வரப்போகிறது. வாயைத் திறந்தால் வேலை போகும், ஒருவேளை வழக்கும் வரும். திறக்காவிட்டால் முப்பத்தொரு பேர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

புதன்கிழமை மனைவியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். “சும்மா செக்கப்பு” என்று சொல்லித்தான். உள்ளே போய் வந்தவள் முகம் வெளுத்திருந்தது. எலுமிச்சம்பழ அளவுக்கு நீர்க்கட்டி. வயிற்றில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் தேதி சொல்வார்கள். காத்திருக்கிற இடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குழாய், படிவம், முப்பத்தொரு பேர், வெள்ளிக்கிழமை. ஒன்றும் விடவில்லை.

அவள் கையிலிருந்த ஸ்கேன் படத்தைப் பைக்குள் வைத்தாள். பிறகு, “நீங்க கை கழுவச் சொன்னப்பல்லாம் கழுவினேனேங்க” என்றாள். அவ்வளவுதான். பூச்சி சார் அழுதுவிட்டார், அத்தனை பேர் நடுவில்.

“குட்டிய என்ன பண்றது?” என்றாள் கொஞ்சம் கழித்து.

“இந்தப் புழுவுக்குன்னே ஒரு மருந்து இருக்கு. அன்னிக்கே அதக் குடுத்திருக்கணும்.”

“அந்த முப்பத்தொரு பேருக்கு யாரு சொல்றது?”

“மேடம் அப்புறமா...”

அவள் எழுந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில்தான் கறிக்கடை. கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

“வாங்க சார்! வாங்கம்மா! என்ன, ரெண்டு பேரும் ஜோடியா கெளம்பிட்டீங்க?”

தராசுக்குப் பின்னால் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு கடிதம் தொங்கியது. ‘தங்கள் ரத்தத்தில் நோய் இல்லை.’ கீழே பூச்சி சாரின் கையெழுத்து. புழு வதந்தி கிளம்பினால் கடைக்காரர் அதைத்தான் விரலால் காட்டுவார். கடைக்குப் பின்னால் இரண்டு நாய்கள் எதையோ இழுத்துக்கொண்டிருந்தன.

“ஈரலை நாய்க்குப் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?” என்றார் பூச்சி சார். அந்த நேரத்திலும் அதுதான் வாயில் வந்தது.

“அட, நீங்கதான் ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துட்டீங்களே! அப்புறம் என்ன பயம்?”

பூச்சி சார் கடிதத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பேராசிரியை அம்மாவின் கண்ணாடி, அச்சில் வரப்போகிற பெயர், எல்லாம் கண்முன் வந்து நின்றது. பத்து வருஷமாகத் தெரிந்த ஆள். எதிரே நின்று சிரிக்கிறார். அந்த முப்பத்தொரு பேரில் இவரும் ஒருவர்.

“அண்ணே,” என்றாள் மனைவி, “அந்தக் காகிதத்த எறக்குங்க.”

“ஏம்மா?”

“அது உங்க ரத்தத்த மட்டும் பாத்து எழுதினதில்ல. என் ரத்தத்தோட ஒப்பிட்டு எழுதினது. எனக்கு ஈரல்ல கட்டியாம். இப்பத்தான் ஸ்கேன் பண்ணிட்டு வரோம்.” பையிலிருந்து படத்தை எடுத்துத் தராசின்மேல் வைத்தாள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார், புரியவில்லை. பூச்சி சாரைப் பார்த்தார். “சார், அம்மா சொல்றது நெசமா?”

“நெசம்தான்.” குரல் வெளியே வந்ததே அவருக்கு ஆச்சரியம். “தப்பு என்னுது. நாளைக்கே நீங்களும் ஸ்கேன் பண்ணிக்கணும்.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு அவரே போய்க் கடிதத்தை இறக்கினார். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. “என் பொண்டாட்டியும் அந்த நாய்ங்களோடதான் கெடப்பா, சார்” என்றார்.

தெருவுக்கு வந்ததும் பூச்சி சார் வீட்டுப் பக்கம் திரும்பினார். மனைவி அசையவில்லை. வலது விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“அந்தப் பேர் லிஸ்ட்ட எடுங்க. பாக்கெட்லதான் வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். இன்னும் முப்பது வீடு இருக்கு.”