டெஸ்ட்டுக்கு எடுத்த போட்டோ

மூன்று வருடங்களுக்கு முன்பு, கல்யாண சீசன் தொடங்கியிருந்த ஒரு சித்திரை மாதத்தில், விழுப்புரத்தில் நடந்தது இது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுப்பேன். பின்பக்க அறையில் ஒரு டியூப்லைட், ஒரு நீலத் துணி, ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் என் ஸ்டூடியோ. அப்படி இருந்த எனக்கு, மணப்பெண் அலங்காரத்தைப் படம் எடுத்துத் தரும் வேலை ஒன்று வந்தது. கொடுத்தவர் திண்டிவனத்தில் பியூட்டி பார்லர் நடத்துபவர். "ஸ்டூடியோ லைட் போட்டு எடுப்பீங்கள்ல?" என்று அவர் கேட்டபோது தலையாட்டிவிட்டேன். உண்மையில் ஒன்றும் தெரியாது.

திண்டிவனத்திலேயே ஒரு ஸ்டூடியோவில் இரண்டு பிளாஷ் லைட்டுகளை வாடகைக்கு எடுத்து, ஸ்டாண்டும் வெளிச்சத்தைப் பரப்பும் குடையுமாக பஸ்ஸில் தூக்கி வந்தேன். பழக ஒரு முகம் வேண்டுமே! கடை வாசலில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அக்காவுக்கு மதியத்தில் வியாபாரம் இருக்காது. "கொஞ்சம் வந்து உக்காருக்கா, போட்டோ எடுக்கணும்" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்று மதியம் உட்கார்ந்தார். முதல் நாள் அவர் நெற்றி எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. கண்ணுக்குக் கீழே இருட்டு. இரண்டாம் நாள் மூக்கின் நிழல் உதடுவரை விழுந்தது. லைட்டைத் தள்ளி வைப்பேன், கிட்டே இழுப்பேன், யூடியூபைப் பார்ப்பேன், மறுபடி எடுப்பேன். நடுவில் ஜெராக்ஸுக்கு ஆள் வந்தால் முன்னால் ஓடுவேன். வீட்டு வேலை, கடை வேலை, இது வேறு. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கண்ணைக் கொட்டிவிட்டு, "இப்ப சரியா வந்துச்சாம்மா?" என்று அவர் கேட்பார்.

மூன்றாம் நாள் புதுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஜரிகை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்று தோளில் ஒரு துண்டைப் போர்த்தச் சொன்னேன். போர்த்திக்கொண்டார். கடைசியில்தான் வெளிச்சம் சரியாக அமைந்தது. துண்டை எடுத்துவிட்டு ஒன்று எடுத்து, கேமராவிலேயே காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நானா இது?" என்றார்.

மறுநாள் ஷூட். காலையில் பார்த்தால் கேமராவின் மெமரி கார்டு நிறைந்திருந்தது. யோசிக்காமல் எல்லாவற்றையும் அழித்தேன். பார்லர்காரர் மாடலாக ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். மேக்கப் முடியவே மதியமாகிவிட்டது. அதன்பிறகு புடவை மாற்றி, நகை மாற்றி, பொழுது சாயும்வரை எடுத்தோம். படங்கள் நன்றாகவே வந்திருந்தன. சந்தோஷப்படத்தான் உடம்பில் தெம்பு இல்லை. அடுத்த நாள் லைட்டுகளைத் திண்டிவனத்தில் ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வந்தேன். கடை வாசலில் அக்கா காத்திருந்தார்.

"என் போட்டோவக் குடும்மா. பையன் கல்யாண பேனர்ல வைக்கணும். சம்பந்தி வீட்ல எல்லாரும் ஸ்டூடியோ போட்டோவா குடுத்துட்டாங்க. பேனர் கடைக்காரரு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கேட்டுக்கினு இருக்காரு. என்கிட்ட ஆதார்ல இருக்கிறது ஒண்ணுதான், அதுல என்னை எனக்கே அடையாளம் தெரியல."

"அழிச்சிட்டேன்கா. அது சும்மா டெஸ்ட்டுக்கு எடுத்தது" என்றேன்.

"டெஸ்ட்டா? மூணு நாளும் எடுத்ததா?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சரி வுடு. நீயும் அலைஞ்சிக்கினுதானே இருக்க. இருக்கிற லைட்டுலயே ஒண்ணு எடு."

டியூப்லைட்டில் எடுத்தேன். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருந்த முகம். எத்தனை முறை எடுத்தும் களைப்புதான் விழுந்தது. "போதும்மா" என்று அவரே எழுந்துவிட்டார்.

கல்யாணம் கெடார் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அக்கா பத்திரிகை வைத்திருந்தார், போகாமல் இருக்க மனம் வரவில்லை. பந்தல் முகப்பிலேயே பேனர். பளிச்சென்று சிரிக்கும் முகங்களுக்கு நடுவே நான் எடுத்த அந்தக் களைத்த முகம். பார்க்காததுபோல் உள்ளே நழுவப் பார்த்தேன். அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தி, சம்பந்தி அம்மாவிடம் சொன்னார்:

"என் போட்டோவப் புடிச்சது இவங்கதான். மூணு நாளு உக்கார வச்சி எடுத்தாங்க."

குத்திக்காட்டவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

இப்போது சொந்தமாகவே லைட்டுகள் வாங்கிவிட்டேன். செஞ்சியிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது. லைட்டுகள் வந்த அன்றே முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டேன். "கல்யாணந்தான் முடிஞ்சிப்போச்சே, இனிமே எதுக்கும்மா?" என்று சிரித்துவிட்டு, வந்து நின்ற ஆளுக்கு மல்லாட்டைப் பொட்டலம் மடிக்கத் திரும்பிக்கொண்டார்.

இன்று யாரை ஸ்டூலில் உட்கார வைத்தாலும், இந்தப் படம் உங்களுக்கு எதற்கு என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கேட்டிருக்க வேண்டிய அன்று கேட்காமல் போனது மட்டும் இன்னும் ஆறவில்லை.