வீரம்மாவை இறக்கிய மூன்று விதம்

ஆளைத் தூக்கும் சாமான் கேட்டு வருகிறவர்கள் கனத்தைச் சொல்வார்கள், உயரத்தைச் சொல்வார்கள். தூக்கப்படுகிறவருக்கு எது தோது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். வீட்டில் படுத்த ஆளைத் தூக்கி முதுகு ஒடிந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

தலையைக் காட்டு

ஜப்பான்காரன் காலத்தில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் ஆசாரி. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய வீரம்மா கான் என்கிற வடிகாலில் விழுந்து இரண்டு காலும் விளங்காமல் போனாள். அவள் குடியிருந்தது தூண்மேல் நின்ற லயத்து வீடு, இறங்க ஆறு படி. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் தலையைக் காட்டினால்தான் அரிசி என்று உத்தரவு. புருஷன் அங்கமுத்து அவளை முதுகில் சுமந்து சுமந்து அவனும் படுத்துவிட்டான். வேலை வாங்கும் மண்டோர் என்னிடம் வந்து, “ஏதாச்சும் செஞ்சு எறக்கு” என்றார். “அரிசியை வீட்டில் கொடுத்தால் என்ன?” என்று கேட்டேன். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

“பெரட்டுக்கு வராதவ செத்தவ கணக்குலா, ஆசாரி. பொணத்துக்கு யாரு அரிசி அளப்பா?”

காண்டாக் கம்பு

பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பில் ஒரு ரோத்தான் பிரம்பு நாற்காலியைக் கட்டினேன். முன்னே ஒரு பால் தூக்கி, பின்னே சின்னசாமி என்று இன்னொருவன். இருவரும் வருஷக்கணக்கில் காண்டா தூக்கியவர்கள் என்று நம்பியதுதான் என் முட்டாள்தனம். காண்டாக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு: தோள் வலித்தால் நடக்கும்போதே கம்பை மறு தோளுக்கு மாற்றிவிடுவான். மூன்றாம் படியில் சின்னசாமி மாற்றினான். நாற்காலி சாய்ந்து வீரம்மா மண்ணில் விழுந்தாள். நெற்றியில் ரத்தம். சொல்லிவிட்டு மாற்றக்கூடாதா என்று சின்னசாமியை அடிக்கப் போனேன். அவன் நிஜமாகவே குழம்பி நின்றான்.

“பால்வாளிகிட்ட யாருண்ணே சொல்லிட்டு மாத்துறா?”

கப்பி

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மண்டோரைக் கேட்டேன், அங்கமுத்துவைக் கேட்டேன்; வீரம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. போய்க் கேட்டேன். “யாரும் தூக்க வேணாம்ண்ணே. கயித்த என் கையில குடுங்க” என்றாள். மரம் வெட்டிய கை அது, உரம் போகவில்லை. ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் சும்மா கிடந்த கப்பியைக் கழற்றி வந்து, வாசல் உத்தரத்தில் மாட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தானே இறங்கினாள். கீழே நான்கு சக்கரம் வைத்த பலகையில் பெரட்டுக்குத் தள்ளிப் போனோம்.

மண்டோர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு? நாளையிலேர்ந்து ஒக்காந்து மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் பொறுக்கட்டும். வேலை செய்யாட்டி அரிசி கட்” என்றார். வீரம்மா மடியிலிருந்த முறத்தை நீட்டினாள்.

“இன்னிக்குத் தலையக் காட்டிட்டேன், அள. நாளைக்குக் கப்பிய ஒன் கழுத்துல மாட்டிக்கிட்டு நீயே வந்து எறக்கு.”

அன்றைக்கு மண்டோர் அளந்தார். ஆளைத் தூக்க எத்தனையோ சாமான் செய்துவிட்டேன், நாலு பிடி அரிசியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுப் படியேறும் மண்டோரைச் செய்ய மட்டும் என் உளிக்கு வரவில்லை.