பொலி சொல்கிறவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க இறங்குமுன், விளைச்சல் பெருகட்டும் என்று ஒருவர் "பொலி, பொலி" எனக் குரல் கொடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கிச் சொன்ன பிறகுதான் செடியில் கை வைப்போம். எங்கள் பெண்கள் கூட்டத்தில் பொலி சொல்வது சங்கத் தலைவி. அவரும் கூடை தூக்குகிறவர்தான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் அட்டைக்கடிகூட எனக்கு உறைக்காது.

அன்றைக்குத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்து மரத்தில் குளவி சுற்றுகிறது என்று ஒருத்தி தயங்கினாள். "ஒன்னும் ஆகாது, வாங்க புள்ளைங்களா" என்று தலைவி பொலி சொன்னார். அவர் சொன்னால் சரிதான் என்று இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் குளவி கலைந்தது. என் வீட்டுக்காரரே யார் நீ என்று கேட்கிற அளவுக்கு முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குளவியைவிட அந்த "ஒன்னும் ஆகாது" மேல்தான் எனக்கு ஆத்திரம்.

வேலைக்குத் திரும்பிய காலையில், ஆள் பிரிக்கும் பெரட்டில் குளவி கொட்டிய அதே மலையைத்தான் பறிக்கக் கொடுத்தார்கள். ஒருத்தரும் நகரவில்லை. போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

தலைவி முன்னால் வந்தார். "அன்னைக்கு நான் பாக்காம சொல்லிட்டேன். என்னைய நம்பித்தான் எறங்குனீங்க. இன்னைக்கு நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் எறங்காதீங்க."

நேரமாகிறது என்று கங்காணி முணுமுணுத்தார். தலைவி காதில் வாங்கவில்லை. சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு தனியாக ஏறினார். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது கீழிருந்து தெரிந்தது. என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. மாரியம்மா, அவரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வா என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

வந்தார். "கூடு இருக்கு. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு" என்றவர், கங்காணியிடம் திரும்பினார். "இன்னைக்கு இந்த மலையில நான் பொலி சொல்ல மாட்டேங்க."

கங்காணி வேறு மலைக்கு அனுப்பினார்.

கூட்டை எரித்த பிறகு மறுபடியும் அங்கே போனோம். அவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப இல்ல" என்றார். எனக்கு அது போதும். பொலி சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"பொலி, பொலி!" என்று நான் கத்தினேன்.

முதலில் வாங்கிச் சொன்னது அவர்தான்.