பாக்கியத்துக்காகப் பேசியவள்

கலாவதியை முதன்முதலில் திட்டியவள் புக்கிட் செந்தோசா பாசாரில் மீன் வாங்க நின்ற ஒரு பெண். முன்பின் தெரியாதவள். கெம்போங் மீன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலாவதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானே அந்தப் பாக்கியம்? நல்லா இருப்பீங்களா நீங்க?"

கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கலாவதியைப் பார்த்தார். அவள் நடித்த படம் வெளியாகி அன்றைக்கு மூன்றாவது நாள்.

கலாவதிக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கல்யாணமாகிப் புக்கிட் செந்தோசாவுக்கு வந்தவள், ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பதினேழு வருடமாகச் சமைக்கிறாள். புருஷன் சேது அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். மகள் நித்தியாவுக்கு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. நடிப்புக்கும் இந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

சம்பந்தம் சீனப் பெருநாள் சமயத்தில் வந்தது. தொழிற்சாலை பத்து நாள் மூடியிருந்தது. கோல சிலாங்கூர் பக்கம் ஆள் இல்லாமல் கிடந்த பழைய லயத்து வீட்டு வரிசை ஒன்றில் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்திருப்பதாகவும், அவர்களுக்கு ஒரு பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் வேண்டுமென்றும் சேதுவுக்குத் தகவல் கிடைத்தது. அவர் பஸ்ஸை ஓட்டினார், இவள் சமைத்தாள்.

படத்தின் பெயர் 'வெள்ளாந்தை'. உலு யாமைச் சேர்ந்த ஓர் இளைஞர் வரைந்த சித்திர நாவலிலிருந்து எடுத்தது. செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிப்பதற்காகக் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பார்கள் அல்லவா, அதைப் பார்த்துப் பிறந்த கதையாம். பகலில் லோரி ஓட்டுகிற ஒருவன், இருட்டினால் வெள்ளை ஆந்தை முகத்தோடு சத்தமே இல்லாமல் பறந்து வருவான். ஆற்றில் விஷக் கழிவைக் கொட்டும் கும்பலை அடித்துத் துவைப்பான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரி பாக்கியம். அவள்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறவள்.

பாக்கியமாக நடிக்க வேண்டிய அம்மாளுக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. இயக்குநர் சசிகுமார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, சாப்பாட்டு மேசைப் பக்கம் கலாவதியின் குரல் கேட்டது. பாதித் தட்டுச் சோற்றைக் குப்பையில் கொட்டிய கேமராமேனை அவள் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். சசிகுமார் எழுந்து வந்தார்.

"ஆண்டி, திட்டுறப்ப உங்க முகம் கோவமாவும் இருக்கு, பாவமாவும் இருக்கு. எனக்கு அதான் வேணும். ரெண்டு நாள் நடிச்சிக் கொடுங்க."

"சோறு யாரு ஆக்குறது தம்பி?"

"கடையில பொட்டலம் தப்பாவ் பண்ணிக்கிறோம் லா."

முதல் நாள், லயத்து வீட்டு அடுப்படியில் அவளை உட்கார வைத்தார்கள். வசனம் கிடையாது. "உங்க தம்பி லோரியோட ஆத்துல விழுந்து செத்துட்டான். அவனுக்குச் சோறு போட்டு வெக்கிறீங்க. அவ்வளவுதான்" என்றார் சசிகுமார். அவள் சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள், பொரித்த கருவாட்டை ஓரத்தில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவள், தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். முக்கால் தட்டு காலியான பிறகுதான் சசிகுமாருக்கு வாய் திறந்தது.

இரண்டாம் நாள் கும்பல்காரர்கள் வாசலுக்கு வந்து வெள்ளாந்தை எங்கே என்று கேட்டார்கள். அவள் பக்கத்து வீட்டைக் கைகாட்டி, "உள்ளதான் இருக்கான்" என்றாள். அதோடு வேலை முடிந்தது. மறுநாள் பழையபடி அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

படம் வந்ததும் மூன்று பேரும் ரவாங்குக்குப் போய்ப் பார்த்தார்கள். கூட்டம் நிறைந்திருந்தது. சோறு போடும் காட்சிக்காகக் கலாவதி காத்திருந்தாள். அது வரவே இல்லை. நேராக வாசல் காட்சி வந்தது. அவள் கைகாட்டினாள், "உள்ளதான் இருக்கான்" என்றாள். அடுத்த நொடி திரையில் ஒரு கை பெரிதாகத் தெரிந்தது. நாலைந்து கண்ணாடி வளையல்கள் போட்ட கை. கும்பல் தலைவன் நீட்டிய உறையை வாங்கி மடியில் செருகிக்கொண்டது. அது கலாவதியின் கையே இல்லை.

"சனியனே!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். சோளப்பொரி ஒன்று பறந்து போய்த் திரையில் பட்டது. நித்தியா முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது சேது, "நல்லாத்தான் இருந்துச்சி" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க இதே கதைதான். கேண்டீனில் பேக்கிங் பகுதிப் பையன்கள் வரிசையில் நின்று, "ஆண்டி, கோழிக்கறி உள்ளதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி அகிலன் என்று ஒருவன். அவன் தினமும் கேட்டான். வாசல் பாதுகாவலர் மலாய்க்காரர்; கீழே மலாய் எழுத்து ஓட ஓடப் படம் பார்த்திருக்கிறார். அவரும் விடவில்லை. "மக்சிக், ஏன் இவ்ளோ ஜாஹாட்?" என்று, ஏன் இவ்வளவு கெட்டவளாக இருக்கிறாய் என்பதைத் தமிழும் மலாயும் கலந்து கேட்டார். இதெல்லாம் விளையாட்டு. ஆனால் கோயிலில் அவள் பொங்கல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பத்து வருடப் பழக்கமுள்ள இராஜம்மா, "உன் கையால வாங்கவே பயமா இருக்குடி" என்று சொல்லி அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருந்தாலும் நகர்ந்தது நகர்ந்ததுதான்.

கேண்டீனில் கூட வேலை செய்யும் தனேஸ்வரி ஆறுதல் சொன்னாள். "திட்டுறாங்கன்னா நீ நல்லா நடிச்சிருக்கேன்னு அர்த்தம் லா. பெருமைப்படு."

"என்னையத் திட்டுனா பரவால்ல தனம்" என்றாள் கலாவதி, வெங்காயம் நறுக்கியபடி. "அவளத் திட்டுறாங்க. அவளுக்காகப் பேச ஒரு நாதி இல்ல."

தனேஸ்வரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

அன்று சாயங்காலமே நித்தியாவிடம் சொல்லி அந்தச் சித்திர நாவலை வரவழைத்தாள். பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பிறகு கலாவதி முழுதாகப் படித்த முதல் புத்தகம் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி ஊறப்போட்டதையும் மறந்து ஒரே மூச்சில் படித்தாள். புத்தகத்தில் எல்லாம் இருந்தது. கழிவு ஏற்றிப்போன லோரியின் டயரை வெள்ளாந்தை கிழிக்கிறான். லோரி ஆற்றில் பாய்கிறது. கும்பல் பிடிபடவில்லை, கூலிக்கு ஓட்டிய டிரைவர்தான் செத்துப்போகிறான். அவன் பாக்கியத்தின் தம்பி. அதற்குப் பிறகு மூன்று பக்கங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. தட்டு, சோறு, எதிரே உட்கார்ந்திருக்கும் பாக்கியம். உறை வாங்கும் கை புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

மறுநாள் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கேண்டீனுக்குக் கொண்டுபோனாள். கேலி செய்தவர்களை நிறுத்தி வைத்து அந்த மூன்று பக்கங்களையும் விரித்துக் காட்டினாள். "அப்படின்னா வெள்ளாந்தை கொலகாரனா? சும்மா இருங்க ஆண்டி" என்று ஒருவன் நகர்ந்தான். இன்னொருவன், படத்தில் இல்லாதது கணக்கில் வராது என்று சட்டம் பேசினான். ஒரு மேற்பார்வையாளர் பெண் மட்டும் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

எத்தனை பேருக்குத்தான் விரித்துக் காட்டுவது? கலாவதி சசிகுமாருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் நடிச்சது நல்லா இல்லியா? இல்லைன்னா இல்லைன்னே சொல்லிருங்க. எனக்கு வருத்தமில்ல."

மறுமுனையில் சசிகுமார் பெருமூச்சு விட்டார்.

"ஆண்டி, படத்த வெளியிடறதுக்கு முன்னாடி கோலாலம்பூர்ல நாப்பது பேருக்குப் போட்டுக் காட்டினோம். உங்க சோறு சீன்ல பாதிப் பேரு அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் வெள்ளாந்தை எவ்வளவு சண்ட போட்டாலும் ஒருத்தரும் கை தட்டல. கடைசியில கருத்து எழுதச் சொல்லி அட்டை கொடுத்தோம். 'அந்தம்மா தம்பியக் கொன்னவன் எப்படி ஹீரோ ஆவான்?'னு எழுதியிருக்காங்க. ஒன்னு ரெண்டு பேரு இல்ல. தயாரிப்பாளர் பயந்துட்டாரு."

"அப்ப, நல்லா செஞ்சேன்னுதான் வெட்டிட்டீங்க."

"ஆமா ஆண்டி."

கலாவதி அடுப்பைத் தணித்தாள். நாற்பது பேரில் பாதி என்றால் இருபது பேர். முகம் தெரியாத இருபது பேர் அவளைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வெட்டுனது உங்க இஷ்டம் தம்பி, படம் உங்களுது. அந்தக் கைய ஏன் வெச்சீங்க? பாக்கியம் காசு வாங்கலியே."

"ஜனங்களுக்கு ஏதாச்சும் ஒரு காரணம் காட்டணுமில்ல ஆண்டி…"

"காரணத்த வெட்டிட்டு, இல்லாத காரணத்த வெச்சிருக்கீங்க."

"மன்னிச்சிருங்க ஆண்டி" என்றார். அன்று மாலையே அந்தக் காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார். யாருக்கும் அனுப்பிவிட வேண்டாம் என்று கீழே ஒரு வரி இருந்தது.

வீட்டில் சேதுவும் அவளும் சேர்ந்து பார்த்தார்கள். பின்னணி இசை சேர்க்கவில்லை. எங்கோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சேது இரண்டாம் முறையும் போடச் சொன்னார்.

"சாப்புடுறப்ப யார நெனச்சிக்கிட்ட?"

"யாரையும் நெனக்கல. சோறு ஆறிக்கிட்டு இருந்துச்சி."

அவர் தலையாட்டினார். அப்புறமும் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

கலாவதி காட்சியை யாருக்கும் அனுப்பவில்லை. காட்டத்தான் செய்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளை முடியும் சமயத்தில் தனேஸ்வரி அதைக் கேண்டீன் டிவியில் வருகிற மாதிரி செய்து கொடுத்தாள். இருபத்தைந்து பேர் இருக்கும். பாக்கியம் தட்டைத் தன் பக்கம் இழுக்கும் இடத்தில் கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். முடிந்ததும் முதலில் பேசியவன் அகிலன்தான்.

"ஆனாலும் காட்டிக் கொடுத்திருக்கக் கூடாது ஆண்டி."

"அத நீ தாராளமா சொல்லலாம்" என்றாள் கலாவதி. "அவ காசுக்குச் சொன்னான்னு மட்டும் சொல்லாத."

"சரி. காசுக்கு இல்ல" என்று ஒப்புக்கொண்டான் அவன்.

அவன் பக்கத்தில் இருந்தவள், வெள்ளாந்தை ஒரு தடவையாவது அந்த டிரைவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா என்று ஆரம்பித்தாள். டிரைவர் யார் என்றே அவனுக்குத் தெரியாதே என்றான் ஒருவன். தெரிந்துகொள்ள வேண்டியதுதானே, பறக்கத் தெரிகிறதில்லையா என்றாள் இவள். மூன்று மேசைகளுக்கும் சண்டை பரவியது. மணி அடித்த பிறகும் எழுந்திருக்காதவர்களை மேற்பார்வையாளர் வந்து விரட்ட வேண்டியிருந்தது. கலாவதி தட்டுகளை அடுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அவளை மறந்தே போயிருந்தார்கள். பாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மூன்று வாரத்தில் படம் ரவாங்கை விட்டுப் போனது. திட்டுகளும் மெல்ல ஓய்ந்தன. தீபாவளிக்கு முன்னால் படத்தை இணையத்தில் விட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களால் மறுபடியும் கொஞ்ச நாள் திட்டு கிளம்பியது. அந்தச் சமயத்தில்தான் பாகான் நக்கோடா ஓமாரில் சேதுவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகும் வழியில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருத்தி கலாவதியை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவி, அந்தப் புள்ளைய இப்படிக் காட்டிக் கொடுத்துட்டியே!"

கலாவதி சேதுவைச் சாப்பிடப் போகச் சொன்னாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா" என்றாள்.

ஆற்றிலிருந்து ஆரம்பித்துச் சோறுவரைக்கும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு பந்தி எழுந்துவிட்டது. அந்த அம்மாள் முழுக்கச் சமாதானம் ஆகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. உதட்டைப் பிதுக்கினாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி நின்றாள்.

"தம்பி பேரு என்னா?"

புத்தகத்தில் அவனுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. கலாவதி ஒரு கணம்தான் யோசித்தாள்.

"சுப்பிரமணியம்" என்றாள். "வீட்டுல மணின்னு கூப்புடுவோம்."