சிவப்புப் பெட்டியும் சூசை அண்ணையும்

பேருந்துப் பணிமனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சூசை அண்ணை போய்விட்டார் என்ற செய்தி கைபேசிக்கு வந்தது. இந்தக் குளிர்காலம் முழுவதும் இப்படியான செய்திகளே வருகின்றன. அடுத்த சுற்று ஓட்ட வேண்டியிருந்தது, போய் ஓட்டினேன்.

ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில், தேவாலயத்துக்கு வரும் உங்களில் பலருக்கு அவர் பூசை முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைக்கிற, அதிகம் கதைக்காத மனிதர். எனக்கு அவர் அறிமுகமானது ஒஸ்லோ நகருக்குள், அந்தச் சிவப்பு வார்ப்பிரும்புத் தொலைபேசிப் பெட்டியில். அகதிகளாக வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்முன் வரிசையில் நிற்போம். போரினால் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசித் தொடர்பு இல்லை. வீட்டுக்காரர் அங்கிருந்து கொழும்புக்கு வந்து காத்திருந்தால்தான் குரல் கேட்கலாம்.

ஒரு ஞாயிறு, அப்பா செத்துப்போனதை அம்மா மறுமுனையிலிருந்து சொன்னார். கண்ணாடியில் சாய்ந்து அழுதேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத மனிதர் கதவை இழுத்துத் திறந்து உள்ளே வந்து, என் கையிலிருந்த ரிசீவரை வாங்கினார்.

“அம்மா, நான் சூசை. உங்கட மகனுக்குப் பக்கத்திலை நிக்கிறன். அவரைத் தனிய விடமாட்டன்.”

பிறகு என்னை ரயிலில் ஏற்றி, அறைவரை கூடவே வந்து, சோறு சமைத்துத் தந்தார்.

அந்தப் பெட்டி இப்போது பாதுகாக்கப்பட்ட மரபுச்சின்னம். புதிதாகச் சிவப்புப் பூசி, உள்ளே புத்தகங்கள் அடுக்கியிருக்கிறார்கள். சிறுநீரகச் சிகிச்சைக்கு அவரைக் காரில் கூட்டிப்போன ஒரு நாள், இறங்கிப் பார்ப்போமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. அதுக்குள்ளை கேட்ட அழுகை போதும். களைச்சுப்போனன்,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி பிலோமினா அக்கா என்னை அருகில் இருத்தினார். நான் அப்பாவின் செய்தி கேட்ட அதே ஞாயிறு, என் அம்மாவைப் போல அவரும் கொழும்பில்தான் இருந்திருக்கிறார். கணவரின் அழைப்புக்காகத் தொலைபேசிக் கடையில், கடை பூட்டும்வரை காத்திருந்திருக்கிறார். அண்ணையோ என்னோடு ரயிலில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அக்கா யாழ்ப்பாணம் திரும்பியதும் போரில் கொழும்புப் பாதை மூடப்பட்டுவிட்டது. பல மாதங்கள் கழித்து அவர் ஒஸ்லோவில் வந்து இறங்கும்வரை ஒருவர் குரலை ஒருவர் கேட்கவில்லை.

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உமக்குச் சொல்ல வேண்டாமெண்டவர். தேப்பன் செத்த நாளிலை அந்தப் பெடியனுக்கு இன்னொரு பாரம் ஏனெண்டு கேட்டவர்.”

அந்தப் பாரம் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இறக்கிவைக்கும் எண்ணம் இல்லை. சூசை அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.