தேங்காய்க்கு ஞானஸ்நானம்

இன்னாசி வாத்தியார் காலமானபோது குருமடத்திலிருந்து வந்தவர்கள் அவருடைய இலத்தீனைப் பற்றிப் பேசினார்கள். கடைசி வரிசையில் நின்ற அமலம்மாளுக்கு ஒரு தேங்காய்தான் ஞாபகம் வந்தது.

முப்பது வருஷம் சாமியாராகப் போகும் குருமாரை உருவாக்கிய மனிதர், ஓய்வு பெற்ற மறுமாதமே குருமார் இல்லாமல் சமாளிப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லித்தரக் கிளம்பினார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மற்றவர்களுக்குத் தோன்றியது, சொல்லத்தான் தைரியமில்லை. அவரே குருவாகப் போய்ப் பாதியில் வெளியேறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். பிறகு அதே குருமடத்துக்கு வாத்தியாராகத் திரும்பியவர். இலத்தீனோடு சடங்கு முறைகளையும் மாணவர்களுக்கு உருவேற்றுவார். ஒரு மாணவனுக்காவது அரை மார்க்கைத் தானமாகக் கொடுத்தார் என்று அவர்மேல் யாரும் பழி சொல்ல முடியாது.

மனைவி போன பிறகு தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் குவீன் தெருவில் ஒற்றை அறையில் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் வேட்டிமேல் கறுப்புக் கோட்டு, கையில் ஒரு பித்தளைச் செம்பு, ஒரு தேங்காய் சகிதம் படகேறி எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போவார். பிறையில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் பாடத்துக்கு வைத்த தேங்காய் கறிக்குப் போய்விடக் கூடாது என்பது அவர் கட்சி.

பிறை ரயில்வே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள். சாமியார் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். பிறப்பும் சாவும் அந்த ரயிலுக்குக் காத்திருப்பதில்லை. பச்சைப் பிள்ளை சாகக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். அது பெறாமல் போன பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே இடமும் இல்லை என்பது அன்றைய நம்பிக்கை. ஆகவே வாத்தியார் பெண்களைப் பாயில் உட்காரவைத்துத் தேங்காயைப் பிள்ளையாக்கிப் பாடம் நடத்தினார். அந்தச் செம்பைத் தொடப் பெண்களுக்குக் கூச்சம். கோயில் சாமான் மாதிரி மினுங்கும். சரியென்று அவரே தேங்காய்மேல் தண்ணீர் ஊற்றுவார். "ம், சொல்லுங்க!" என்றதும் பெண்கள் எல்லாரும் ஞானஸ்நான வார்த்தைகளை ஒரே குரலாகச் சொல்லுவார்கள்.

எதிர் வீட்டு ஹபீபா பீவி வாசலில் வெங்காயம் உரித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வாத்தியாரே, இந்தத் தேங்கா எத்தனை வாட்டிதான் வேதத்துல சேரும்?"

"உள்ள தண்ணி வத்துற வரைக்கும், பீவி."

அமலம்மாள் அந்த லயத்துக்கு மருத்துவச்சி. வாத்தியாரிடம் அவளுக்குப் பிரியமும் உண்டு, பயமும் உண்டு. ஒரு வருஷமாகப் பாடம் கேட்டும் கொடுக்கிற சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. வாய்க்காததற்கு மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாய்த்தது ஒரு நவம்பர் மாதத்து ஞாயிறன்று. லயத்தில் லாரன்ஸ் என்பவனின் மனைவி அக்னஸுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, விடிந்த கையோடு ஆண்பிள்ளை பிறந்தது. ஒரு சாண் உடம்பு. அழக்கூடத் தெம்பில்லை. பத்து மணிக்கு வாத்தியார் வந்து சேர்ந்தபோது அமலம்மாள் லாரன்ஸ் வீட்டு வாசலுக்கே ஓடிவந்தாள்.

"கொடுத்துட்டேன் வாத்தியாரய்யா! ஒரு வார்த்தை பிசகல."

முப்பது வருஷப் பழக்கம் விடுமா? வாத்தியார் அங்கேயே பரீட்சை வைத்தார்.

"என்ன தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"தலையில ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"ஊத்தினது?"

"பீவிக்கா. நான் வார்த்தை சொன்னேன், அக்கா ஊத்திச்சு."

வாத்தியார் நின்றுவிட்டார். சொல்லும் வாயும் ஊற்றும் கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும், இல்லையேல் செல்லாது. இந்த ஒரு கேள்வியில் அவர் தோற்கடித்த மாணவர்கள் ஒரு படகு கொள்ளும்.

பின்னாலேயே வந்திருந்த ஹபீபா பீவி இடுப்பில் கைவைத்தாள். "நான் ஊத்துனதுதான் குத்தமா?"

"இல்ல பீவி. நீயே ஊத்தி, நீயே மனசார வார்த்தையும் சொல்லியிருந்தா செல்லும்."

"அட, நல்லா இருக்கே லா, உங்க சட்டம்!"

அமலம்மாள் நடுவே புகுந்தாள். "அப்ப செல்லாதா அய்யா?"

செல்லும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. லயத்தில் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. வாத்தியாரின் வாய் ஒருமுறை திறந்து மூடியதை அமலம்மாள் பார்த்தாள்.

"செல்லாது. இப்படிக் கொடுக்கச் சொல்லி யார் உனக்குக் கத்துக்கொடுத்தது?" குரல் வகுப்பறைக் குரலாக ஏறியது.

"நீங்கதான். நீங்க ஊத்துவீங்க, நாங்க சொல்லுவோம்."

அவர் தம் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். பிறகு தேங்காயைப் பார்த்தார். பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளிமேல் மெல்ல உட்கார்ந்தார். அவ்வளவு வயதானவராக அவரை அமலம்மாள் அதற்குமுன் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து அக்னஸ் ஈனக்குரலில் கூப்பிட்டாள். "அக்கா, பிள்ளைக்கு மூச்சு விட்டு விட்டு வருது."

"நீங்களே வந்து கொடுத்துடுங்க அய்யா. என் கை வேணாம்."

வாத்தியார் எழுந்து செம்பை நீட்டினார். "நீதான் கொடுக்கணும்."

"ஐயோ, பிள்ளை போயிடும். இப்பப் பாடமா?"

"அதனாலதான் சொல்றேன். நான் ஞாயித்துக்கிழமைதான் வருவேன். அடுத்த பிள்ளை புதன்கிழமை பிறக்கும். பிடி."

பிடித்தாள். முதல்முறையாகத் தொட்ட அந்தச் செம்பு அவள் நினைத்ததைவிடக் கனமில்லாமல் இருந்தது. வாத்தியார் உள்ளே வந்து, கோட்டுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். நின்ற நிலையில் தண்டனை பெற்ற மாணவன் போல இருந்தார். அமலம்மாள் குடத்துத் தண்ணீரை மொண்டு பிள்ளையின் தலைமேல் சாய்த்தாள். மூன்று முறை தண்ணீர் ஓடியது, வார்த்தைகளும் கூடவே ஓடின. மூன்றாவது முறை பிள்ளை முகத்தைச் சுளித்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதுதான் அதன் முதல் அழுகை.

அன்று சாமியாரின் மாத முறை; பிற்பகல் ரயிலில் வந்தார். இளவயதுக்காரர், வாத்தியாரிடமே படித்தவர், இதே ஞானஸ்நானக் கேள்வியில் ஒருமுறை தோற்றவரும்கூட. பிள்ளை இன்னும் மூச்சோடு இருந்தது. அவர் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தை விரித்து, கொடுத்தவர் பெயர் என்ன என்று கேட்டார்.

"அமலம்மாள்," என்றார் வாத்தியார்.

"நீங்க எங்கே இருந்தீங்க ஐயா?"

"பக்கத்துலதான் நின்னேன், சாமி."

சாமியாரின் பேனா நின்றது. பழைய கணக்கைத் தீர்க்கும் சந்தோஷம் அவர் முகத்தில் லேசாகத் தெரிந்தது. "ஆண்பிள்ளை இருக்கிற இடத்துல பெண் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே. நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

"விதிவிலக்கும் சொன்னேன். முறை அந்தப் பெண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தா அவளே கொடுக்கலாம்."

"உங்களைவிடவா?"

அமலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பேசிவிட்டால் காலையில் நடந்த பிழை வெளியே வந்துவிடும். பேசாவிட்டால் பொய்க்கு உடந்தை.

"என்னைவிட, சாமி," என்றார் வாத்தியார். "ஒரு வருஷமா நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்கேன். இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது."

சாமியார் பேனாவைத் திருத்திப் பிடித்தார். பிறகு குனிந்து அமலம்மாளின் பெயரை எழுதினார்.

வாத்தியார் செம்பைத் திருப்பிக் கேட்கவில்லை. தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு மாலைப் படகுக்கு நடந்தார்.